கப்பல் தளமும் பந்தாட்டமும்

கடலும் பந்தும் தமிழ் இலக்கியத்தில் அருகருகே நிற்பவை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகப் பட்டினத்தைக் காட்டுகிறார். நாவாய்கள் சூழ்ந்து நிற்கும் அத்துறையில், வானளாவிய மாடங்களின் மேல்நிலையில் மகளிர் வரிப்பந்து ஆடுகின்றனர். ஆடி இளைத்தபின் முத்துப் போன்ற வெண்மணலில் பொற்கழங்கு ஆடுகின்றனர். மரக்கலம் வந்து தங்கும் இடத்தில் ஓய்வும் ஆட்டமும் உடன்வந்து தங்கிவிடுவதை அப்புலவர் கண்டிருக்கிறார்.

அதே புலவர் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களுள் காழகத்துச் செல்வமும் ஒன்றாகக் கூறப்படுகிறது. காழகம் என்பது கடாரம் என நச்சினார்க்கினியர் உரை கூறுவார். கடாரமே இன்றைய கெடா. 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கும் வரை பினாங்குத் தீவு அந்தக் கெடாவின் ஆட்சிக்கு உட்பட்டதாகவே இருந்தது. எனவே, வங்கக் கடலைக் கடந்து பினாங்கு நீரிணைக்குள் நுழையும் கப்பலைப் பற்றிப் பேசுவது, தமிழ் மாணவர்க்கு மிகப் பழைய கதை ஒன்றின் தொடர்ச்சியே ஆகும்.

அக்கதையின் புதிய இயல் ஒன்று இன்று ஜோர்ஜ் டவுனின் சுவெட்டன்ஹாம் துறையில் நடைபெறுகிறது. மாடி வீடுகளை அடுக்கிவைத்தாற் போன்ற உல்லாசப் பயணக் கப்பல்கள் அங்கு வந்து கட்டப்படுகின்றன. அவற்றின் உச்சித் தளங்களில் பயணிகள் பிக்கிள்பால் என்னும் பந்தாட்டத்தை ஆடுகின்றனர். கையில் மட்டை, நடுவில் வலை, துளைகள் கொண்ட இலேசான நெகிழிப் பந்து. பார்ப்பவர்க்கு இது பொழுதுபோக்காகவே தோன்றும். ஆயினும், இதே கடல்வழியில் முன்னர் வந்த கப்பல்களையும் அவற்றின் தளங்களையும் எண்ணிப் பார்ப்பவர்க்கு ஒரு வினா எழாமற் போகாது. கப்பலின் தளம் யாருக்கு ஆடுகளமாக இருந்தது? யாருக்குப் படுக்கையாக இருந்தது? விளையாட்டின் வரலாறு என்பது பெரும்பாலும் இடத்தின் வரலாறே என்பதை இவ்வினா உணர்த்தும்.

ஆட்டத்தின் பிறப்பு

பிக்கிள்பால் 1965ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பெயின்பிரிட்ஜ் தீவில் பிறந்தது. பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான ஜோயல் பிரிச்சர்டு, அவர்தம் நண்பர் பில் பெல், பார்னி மெக்கல்லம் ஆகிய மூவரும் அதனை உருவாக்கியவர் எனப்படுவர். பிரிச்சர்டின் வீட்டில் பழைய பூப்பந்துக் களம் ஒன்று இருந்தது. ஆடுவதற்குரிய கருவிகள் கிடைக்கவில்லை. வீட்டுப் பிள்ளைகளின் சலிப்பைப் போக்க, மேசைப்பந்து மட்டைகளையும் துளையிட்ட நெகிழிப் பந்து ஒன்றையும் எடுத்துக்கொண்டு ஆடத் தொடங்கினர். பந்து தரையில் நன்றாக எழும்புவதைக் கண்டு வலையைத் தாழ்த்தினர். இன்று அவ்வலையின் உயரம் ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம்.

பிக்கிள் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஊறுகாய் என்பது பொருளாயினும், இவ்வாட்டத்திற்கும் ஊறுகாய்க்கும் தொடர்பு ஏதுமில்லை. துடுப்புப் படகுப் பந்தயங்களில், பல படகுகளிலும் இடம் கிடைக்காது எஞ்சிய துடுப்பாளரைக் கொண்டு அமைத்த படகுக்குப் ‘பிக்கிள் படகு’ என்று பெயர் வழங்கியது. பல ஆட்டங்களின் எச்சங்களைக் கூட்டி அமைத்த இவ்வாட்டத்திற்குப் பிரிச்சர்டின் மனைவியார் அப்பெயரைச் சூட்டினார் என்பர். வளர்ப்பு நாயின் பெயரே காரணம் என்று கூறுவோரும் உளர். முன்னைய விளக்கத்தை ஏற்பின், கப்பல் தளம் ஏறுவதற்கு முன்னரே இவ்வாட்டத்தின் பெயரில் நீர்வாசனை வீசியது எனலாம்.

இதன் ஆடுகளம் 44 அடி நீளமும் 20 அடி அகலமும் உடையது. இது பூப்பந்து இரட்டையர் களத்தின் அளவேயாகும். பிறந்த இடம் பழைய பூப்பந்துக் களம் என்பதால் அளவும் மாறாது நின்றது. மலேசியாவின் பூப்பந்து அரங்குகள் சிலவற்றில் இக்காலத்தில் பிக்கிள்பால் எளிதில் குடிபுகுந்தமைக்கும் இந்த அளவொற்றுமையே துணைசெய்தது.

பூப்பந்தின் வழி

பூப்பந்தின் வழியைப் பின்தொடர்ந்தால் அது நம்மைத் தமிழகத்திற்கே அழைத்துச் செல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேய அலுவலர் புனே நகரில் இவ்வாட்டத்தை ஆடி, 1870களில் அதற்கு விதிகள் வகுத்தனர். அது இங்கிலாந்து சென்று, பேட்மின்டன் மாளிகையின் பெயரைத் தாங்கி உலகெங்கும் பரவியது. இறகுப்பந்து காற்றில் விலகிப்போகும் நாள்களில் கம்பளிப் பந்தைக் கொண்டு ஆடும் வழக்கமும் இந்தியாவில் இருந்தது. தஞ்சை அரச குடும்பத்தார் 1856ஆம் ஆண்டளவிலேயே கம்பளிப் பந்தாட்டத்தை ஆடினர் என்பர். அணிக்கு ஐவராக நின்று, மஞ்சள் நிறக் கம்பளிப் பந்தை மட்டையால் அடித்து ஆடும் அவ்வாட்டம் தமிழகத்தில் பூப்பந்தாட்டம் என்று பெயர் பெற்றது.

இங்குத் தமிழாசிரியர் மாணவர்க்குச் சுட்டிக்காட்டத்தக்க சொல்வழக்கு வேறுபாடு ஒன்று உண்டு. தமிழகத்தில் பூப்பந்து என்றால் கம்பளிப் பந்தாட்டம். இறகு வைத்த பந்தாட்டம் இறகுப்பந்து எனப்படும். மலேசியத் தமிழிலோ இறகுப்பந்தாட்டமே பூப்பந்து என வழங்குகிறது. ஒரே சொல் கடலின் இரு கரைகளிலும் இரு வேறு ஆட்டங்களைக் குறிக்கின்றது. கடல் கடக்கும்போது மனிதர் மட்டுமன்றிச் சொற்களும் புதிய குடியுரிமை பெறுகின்றன என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

மலாயாவில் பூப்பந்து வேரூன்றிய வகை உலகறிந்தது. 1949இல் நடைபெற்ற முதலாவது தாமஸ் கிண்ணப் போட்டியின் இறுதியாட்டத்தில் மலாயா டென்மார்க்கை வென்றது. 1952, 1955 ஆகிய ஆண்டுகளிலும் கிண்ணம் மலாயாவிடமே இருந்தது. பினாங்கில் பிறந்த எடி சூங் 1953, 1954, 1956, 1957 ஆகிய ஆண்டுகளில் அனைத்து இங்கிலாந்துப் போட்டியின் ஒற்றையர் வெற்றியாளரானார். இந்திய வம்சாவளியினரான பஞ்ச் குணாளன் 1971இல் இங் பூன் பீயுடன் இணைந்து அதே போட்டியில் இரட்டையர் பட்டத்தை வென்றார். 1974இல் காமன்வெல்த் விளையாட்டில் ஒற்றையர் தங்கத்தையும் பெற்றார். இப்பெருமைகள் யாவும் நிலத்தில் கிடைத்த களங்களில் விளைந்தவை. கடலில், கப்பல் தளத்தில், நிலைமை வேறாக இருந்தது.

கப்பலில் பிறந்த ஆட்டங்கள்

நீராவிக் கப்பல்கள் பெருகிய பின்னர் நீண்ட பயணங்களில் பொழுதைப் போக்குவது எவ்வாறு என்பது அறை வகுப்புப் பயணிகளுக்கு ஒரு சிக்கலாயிற்று. கரையில் ஆடிய ஆட்டங்களைக் கப்பலில் அப்படியே ஆட இயலாது. இறகுப்பந்தைக் காற்று கொண்டுபோகும். டென்னிஸ் பந்து ஓரடி தவறினால் கடலுக்குள் விழும், விழுந்தது திரும்பாது. தளமும் அலைக்கேற்பச் சாயும். ஆகவே கப்பல் தனக்கென்று ஆட்டங்களை உண்டாக்கிக்கொண்டது. கயிற்று வளையத்தை முளையில் விழும்படி எறிவது ஒன்று. வட்டத் தட்டுகளை நீண்ட கோலால் தள்ளித் தளத்தில் வரைந்த எண்கட்டங்களில் நிறுத்துவது மற்றொன்று. இவற்றினும் சிறந்தது தள டென்னிஸ். பந்துக்கு மாற்றாக ஒரு வளையத்தை வலைக்கு மேலாக எறிவதும், அது தரையில் விழுமுன் பிடித்துத் திருப்பி எறிவதுமே அதன் முறை. வளையம் உருண்டோடாது, காற்று அதனை எளிதில் அலைக்கழிக்காது, சிறிய இடமும் போதும்.

இவ்வாட்டம் பின்னர்க் கப்பலை விட்டுக் கரை இறங்கியது. கப்பல் பயணத்தில் இதனைக் கண்ட ஹெர்மன் ஷ்னைடர் 1920களில் தம் ஊராகிய ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் இதனைப் பரப்பினார். இந்தியாவில் இது டென்னிகாய்ட் எனப் பெயர் பெற்றது. தமிழில் வளையப்பந்து என்பர். ஒரு கையாலேயே பிடித்து அதே கையாலேயே எறியவேண்டும் என்ற விதியைத் தமிழகத்துப் பள்ளிகளில் படித்த பெண்கள் பலர் நினைவில் வைத்திருப்பர். தமிழ்ச் சிறுமியர் பள்ளி முற்றத்தில் ஆடிய ஆட்டம், செல்வர்கள் கப்பலின் மேல்தளத்தில் ஆடிய ஆட்டமே. ஆனால், அச்சிறுமியரின் உறவினர் பலர் கப்பல் ஏறியபோது அந்த மேல்தளத்தை எட்டிப் பார்க்கவும் இயன்றதில்லை.

ரஜூலாவின் தளம்

பினாங்குத் தமிழரின் நினைவில் நிலைத்த கப்பல்களுள் தலையாயது ரஜூலா. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்திற்காக 1926ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்னும் வழியில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. நாகையில் ஆழ்துறை இல்லாமையால் கப்பல் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் படகுகளில் சென்று ஏறுவர். அங்கிருந்து புறப்பட்டால் மலாயாவின் முதல் கரை பினாங்கே.

ரஜூலாவின் அளவு ஏறத்தாழ 8,500 டன். முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் சேர்த்து இருநூற்றுக்கும் குறைவானோர்க்கே அறைகள் இருந்தன. தளப் பயணிகளாகவோ, தொடக்கத்தில், ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றுவதற்கு உரிமம் பெற்றிருந்தது. ஒவ்வொரு பயணத்திலும் அத்துணைப் பேர் ஏறினர் என்று கொள்ளவேண்டியதில்லை. பிற்காலத்தில் அவ்வெண்ணிக்கையும் பெரிதும் குறைக்கப்பட்டது. ஆயினும் அந்த உரிமமே ஒரு வரலாற்றுச் சான்று. மனிதனைச் சதுர அடியால் அளந்த காலத்தின் முத்திரை அது.

மக்கள் வழக்கில் ‘டெக்’ பயணிகள் எனப்பட்ட இவர்கள் தளத்தில் பாய் விரித்துப் படுத்தனர். தகரப் பெட்டியும் துணிமூட்டையுமே அவர்களது எல்லைக்கற்கள். சஞ்சிமுறை என்னும் ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910ஆம் ஆண்டளவில் முடிவுற்றபின், கங்காணி முறையில் திரட்டப்பட்ட தோட்டப் பாட்டாளிகள் இவ்வாறே வந்தனர். நாகையிலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் தங்கியிருந்து கப்பலேறியோர் பலர். பினாங்குக்கு வந்து சேர்ந்தபின்னரும், தொற்றுநோய் அச்சத்தால் ஜெரெஜாக் தீவின் தனிமை முகாமில் தங்கவைக்கப்பட்ட பிறகே மலாயா மண்ணை மிதித்தவர் ஆயிரக்கணக்கானோர். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் பயணத்தைத் தடைசெய்தது. அதன்பின்னர்த் தளத்தில் வணிகரும், ஊர்சென்று திரும்புவோரும், மணமுடித்து வந்த பெண்களும், கைக்குழந்தைகளும் மிகுந்தனர்.

ஒரு சிறு கணக்கு இங்குப் பயன்படும். பிக்கிள்பால் களத்தின் பரப்பு 880 சதுர அடி. ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள ஒரு பாயின் பரப்பு 18 சதுர அடி. எனவே நால்வர் நின்று பந்தடிக்கும் இடம் பரப்பளவில் ஏறத்தாழ 48 பாய்களுக்குச் சமம். 48 பேர் உண்டு, உறங்கி, கடல்மயக்கத்தில் வாந்தியெடுத்து, குழந்தைக்குத் தாலாட்டுப் பாடிக் கிடக்கத்தக்க இடம் நால்வரின் ஆடுகளமாகிறது. ஆட்டத்தைக் குறைகூறுவதற்காக இக்கணக்குச் சொல்லப்படவில்லை. தளத்தில் ஆடுகளம் தோன்ற வேண்டுமாயின் முதலில் தளம் காலியாக இருத்தல் வேண்டும் என்னும் எளிய உண்மையை இது விளக்குகிறது.

இவ்வேற்றுமையை நிறத்தின் வேற்றுமை என்று மட்டும் கூறி முடித்துவிடுதல் பொருந்தாது. செல்வமும் பதவியும் வாய்த்த இந்தியர் சிலரும் அறை வகுப்பில் பயணம் செய்தனர். தோட்டத்துரையின் ஆட்சியும் நிறவேற்றுமையும் அக்காலத்தில் கோலோச்சியமை மெய்யே; எனினும், கப்பலில் மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும் பிரித்த நேரடியான கதவு பயணச்சீட்டின் விலையே ஆகும்.

பாயளவில் அடங்கிய ஆட்டங்கள்

தளப் பயணிகள் ஆட்டம் அறியாதவர் அல்லர். தாயம், ஆடுபுலி ஆட்டம், பல்லாங்குழி, கழங்கு முதலியன அவர்கள் பிறந்த ஊர்களின் திண்ணைகளிலும் கோயில் மண்டபங்களிலும் ஆடப்பட்டவை. இவ்வாட்டங்கள் அனைத்திற்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. ஓடுவதற்கு இடம் வேண்டாம். உட்காருவதற்கு இடம் இருந்தால் போதும். ஒரு துண்டுச் சுண்ணக்கட்டி, சில புளியங்கொட்டைகள், சில கூழாங்கற்கள் ஆகியவையே கருவிகள். பாயளவு இடத்தில் அடங்கக்கூடிய செல்வம் அது. மேல்தளத்தில் வளையம் பறந்த காலத்தில் கீழ்த்தளத்து மக்களுக்கு இயன்ற ஆட்டங்கள் இத்தகையனவே.

வந்து இறங்கிய நாட்டில் அவர்கள் தம் ஆட்டங்களின் உடன்பிறப்புகளைக் கண்டனர். மலாய் மக்களின் சொங்காக்கும் நம் பல்லாங்குழியும் ஒரே குடும்பத்தவை. குழிதோறும் காய்களை இட்டுச் செல்லும் முறை இரண்டிற்கும் பொது. மலாய் மக்களிடம் வழங்கும் ரிமாவ் ஆட்டமோ, புலியைக் காய்களால் மடக்கும் வகையில் நம் ஆடுபுலி ஆட்டத்தை ஒத்தது. கடாரத்துக்கும் சோழநாட்டுக்கும் இடையே மரக்கலங்கள் சென்ற காலந்தொட்டு மக்கள் ஒருவரோடொருவர் பழகியதன் அடையாளங்களாக இவற்றைக் கருதுவதில் தவறில்லை.

மாறிய கப்பல், மாறாத வினா

வானூர்திப் பயணம் மலிவாகிவிட்டமையால் கடல்வழிப் பயணம் தேய்ந்தது. ரஜூலா 1973இல் இந்தியக் கப்பல் கழகத்திற்கு விற்கப்பட்டு, ரங்கத் எனப் பெயர் மாறி, சிறிது காலத்தில் உடைக்கப்பட்டது. அதே வழியில் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் சென்னை நோக்கிச் செல்லும்போது தீப்பிடித்தது. பயணிகள் பலர் உயிரிழந்தனர். நாகையையும் சென்னையையும் பினாங்கோடு பிணைத்த பயணிகள் கப்பல் போக்குவரத்து அத்துடன் வரலாறாகியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டு, குடியேற்ற ஆளுநர் பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரைத் தாங்கிய துறை, இன்று உல்லாசக் கப்பல்களின் முனையமாக விளங்குகிறது. பினாங்குத் துறைமுக நிறுவனமும் ராயல் கரீபியன் நிறுவனமும் கூட்டாக மேற்கொண்ட விரிவாக்கத்தால் அதன் நீளம் 400 மீட்டரிலிருந்து 688 மீட்டராக உயர்ந்தது. சிங்கப்பூரிலிருந்து அங்கு வந்த ‘ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ்’ என்னும் கப்பலின் அளவு ஏறத்தாழ 1,69,000 டன். அறைக்கு இருவர் என்ற கணக்கில் அது சுமார் 4,200 பயணிகளை ஏற்றும். இங்கு டன் என்பது எடையைக் குறிப்பதன்று. கப்பலின் உட்கொள்ளளவைக் குறிப்பது. அளக்கும் முறை இடையில் மாறியிருப்பினும் ஒப்பீடு தெளிவாகவே உள்ளது. ரஜூலாவினும் ஏறக்குறைய 20 மடங்கு பெரிய கலத்தில், ரஜூலாவின் பழைய உரிமம் இடமளித்ததைவிடக் குறைவான பயணிகள். எஞ்சிய இடமே நீச்சல் குளமாகவும் அரங்கமாகவும் பந்தாடு களமாகவும் விரிந்திருக்கிறது. காற்றில் இலேசான பந்து விலகும் என்பதால் களத்தைச் சுற்றி வலை கட்டுவதும், கூரையிட்ட கூடத்திற்குள் ஆடுவதும் உண்டு. தள டென்னிஸ் ஆடியவர் காற்றுக்கு அஞ்சி ஆட்டத்தையே மாற்றினர். இன்றைய கப்பலோ காற்றைத் தடுத்து, கரையின் ஆட்டத்தை அப்படியே கடலில் நிகழ்த்துகிறது.

இக்கப்பல்களில் இன்று மலேசியத் தமிழ்க் குடும்பங்களும் விடுமுறைக்குச் செல்கின்றன. பாட்டன் பாய் விரித்துக் கடந்த கடலில் பேத்தி மட்டை பிடித்துப் பந்தடிப்பது மகிழ்ச்சிக்குரிய மாற்றமே. எனினும் அத்தளத்தைத் துடைப்பவரும், உணவு பரிமாறுபவரும், கீழ்த்தளங்களில் இரவும் பகலும் உழைப்பவரும் இருக்கின்றனர். இந்தியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தின்பேரில் வந்தோர் அவர்களுள் மிகுதி. உச்சித்தளத்து ஆடுகளம் அவர்களுக்குப் பெரும்பாலும் பணியிடமே. தளம் யாருக்கு ஆடுகளம் என்ற வினா கப்பலோடு சேர்ந்து உடைக்கப்படவில்லை.

இந்நிலையில் தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு கடமை உண்டு. ரஜூலாவின் கடைசிப் பயணங்களில் சிறுவராக வந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். அதற்கு முன்னர் வந்தோர் நாளுக்கு நாள் குறைந்துவருகின்றனர். கப்பலின் பெயரையும் ஆண்டையும் ஆவணங்கள் கூறும். அந்தத் தளத்தில் ஒரு சிறுவன் எதை வைத்து விளையாடினான், ஒரு தாய் எந்தக் கதையைச் சொல்லிப் பிள்ளையை உறங்க வைத்தாள் என்பதை எந்த ஆவணமும் கூறாது. பள்ளி மாணவர் தத்தம் வீட்டு முதியோரிடம் இவ்வினாக்களைக் கேட்டு விடைகளை எழுதிவைப்பாராயின், அது வகுப்பறைக் கட்டுரையாக மட்டும் நில்லாது. இந்நாட்டுத் தமிழர் வரலாற்றின் எழுதப்படாத பக்கமாக அமையும்.

நீர்ப்பெயற்றின் மாடத்தில் ஆடிய வரிப்பந்தை ஒரு புலவர் பாடி வைத்தார்; ஆகவே அது இரண்டாயிரம் ஆண்டளவாக வாழ்கிறது. ரஜூலாவின் தளத்தில் உருண்ட புளியங்கொட்டைகளுக்கு இன்னும் ஒருவர் வேண்டும்.